பகுபடும் என்று அறிதலும் பகுத்துக் காட்டுதலும்

இருபத்தோர் இலக்கங்களால் ஆன 147573952589676412927 என்னும் முழு எண், அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பலனிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. கணித நூல்கள் இதனை 2⁶⁷−1 என்று சுருக்கி எழுதும். இது பகா எண் என்று 1644-இல் அச்சேறியது. அது தவறு என்று 1876-இல் நிறுவப்பட்டது. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் எவை என்பதோ 1903-இல்தான் தெரியவந்தது. 1876-க்கும் 1903-க்கும் இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில், இந்த எண் பகுபடும் என்பதில் கணித அறிஞர்களுக்கு ஐயம் இருக்கவில்லை என்றாலும், இதனைப் பகுக்கும் எண் ஒன்றையேனும் எவரும் அறிந்திருக்கவில்லை. ஓர் எண் பகுபடும் என்று அறிவதும் அதனைப் பகுத்துக் காட்டுவதும் நெடுங்காலம் ஒரே வேலையாகவே நடந்துவந்தன. அவை வேறுவேறான இரண்டு அறிவுகள் என்பதையும், முதலாவது கைவந்த பின்னரும் இரண்டாவது எட்டாமல் நிற்கக்கூடும் என்பதையும் இந்த ஓர் எண்ணின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண் பகா எண் எனப்படும்; 2, 3, 5, 7, 11 ஆகியவை அத்தகையவை. அவ்வாறன்றிச் சிறிய எண்களின் பெருக்கமாக எழுதக்கூடியது பகு எண். அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களின்மேல் கணித அறிஞர்கள் கொண்ட ஈடுபாடு கிரேக்க நாட்டில் தொடங்கியது. தன்னைத் தவிர்த்த தன் காரணிகள் அனைத்தையும் கூட்டினால் தன்னையே தரும் எண்ணை அவர்கள் நிறைவெண் என்று போற்றினர். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. யூக்ளிட் தம் 'மூலங்கள்' என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில், இரண்டின் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் வருமாயின், அதனை இரண்டின் முந்தைய அடுக்கால் பெருக்கி வருவது நிறைவெண்ணாக இருக்கும் என்று நிறுவினார். 6, 28, 496, 8128 ஆகிய நான்கும் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தன. அடுத்தவற்றைத் தேடிச் சென்றவர்களுக்கு, இரண்டின் எந்த அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வரும் எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும் என்பதைக் காண்பது எளிது. 15 என்பது 3, 5 ஆகியவற்றின் பெருக்கம் ஆதலால், 2¹⁵−1 ஆகிய 32767 என்பது 2³−1 ஆகிய 7-ஆலும் 2⁵−1 ஆகிய 31-ஆலும் வகுபடுகிறது. ஆகவே பகா எண்களை மட்டும் அடுக்காக எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதுமானதன்று என்பதை 1536-இல் இரெகியஸ் காட்டினார்: 2¹¹−1 ஆகிய 2047 என்பது 23, 89 ஆகிய இரண்டின் பெருக்கம். போலோஞா நகரத்துக் கணித ஆசிரியர் கதால்தி 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகளைச் சோதித்து, 131071, 524287 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்று உறுதிசெய்தார். அவர் கையாண்ட முறை, எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதே. இவ்வகைச் சோதனையில் இரண்டு அறிவுகளும் பிரிவதில்லை. ஏதேனும் ஒரு வகுத்தலில் மீதி வராமற்போனால் எண் பகுபடும் என்பதும் அதன் காரணி இன்னது என்பதும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். எல்லா வகுத்தல்களிலும் மீதி வந்தால் அது பகா எண்.

மினிம் சபையைச் சேர்ந்த துறவியும் பாரிசில் வாழ்ந்தவருமான மாரென் மெர்சென், ஐரோப்பிய அறிஞர்கள் பலரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்து, ஒருவர் கண்டதை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் பணியை வாழ்நாள் முழுதும் செய்தவர். அவர் 1644-இல் வெளியிட்ட 'கோகிதாதா பிசிக்கோ-மாத்தெமாத்திகா' என்னும் நூலின் முன்னுரையில், அடுக்கு 257 வரையுள்ள எண்களுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினோர் அடுக்குகளுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்று எழுதினார். இதற்கு அவர் நிறுவல் எதனையும் தரவில்லை. பதினைந்து அல்லது இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று தீர்மானிக்க எல்லாக் காலமும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பட்டியல் ஐந்து இடங்களில் பிழையானது என்பது பின்னர் தெளிவாயிற்று: 67, 257 ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றிருக்கக் கூடாதவை, 61, 89, 107 ஆகிய மூன்றும் இடம்பெற்றிருக்க வேண்டியவை. ஆயினும் இவ்வகை எண்கள் இன்றளவும் மெர்சென் எண்கள் என்றே வழங்கப்படுவது பொருத்தமானதே. ஏனெனில் பின்வந்த மூன்று நூற்றாண்டுகளின் கணிப்பாளர்களுக்குச் சரிபார்க்கத் தக்க, துணிவான, திட்டவட்டமான ஒரு கூற்றை முன்வைத்தவர் அவர்.

அச்சரிபார்ப்புக்கு முதற் கருவியைத் தந்தவர், மெர்சென்னுக்குக் கடிதம் எழுதிவந்தவர்களுள் ஒருவரான பெர்மா. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருக்கும்போது, மெர்சென் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் அடுக்கின் இரு மடங்கினுடைய ஏதேனும் ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும் என்று 1640-இல் அவர் கண்டறிந்தார். இதைக்கொண்டு, கதால்தி பகா எண்கள் என்று கருதியிருந்த 2²³−1 என்பது 47-ஆலும், 2³⁷−1 என்பது 223-ஆலும் வகுபடுவதை அவர் காட்டினார். அத்தகைய காரணியை எட்டால் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோ மட்டுமே இருக்கும் என்னும் கட்டுப்பாட்டை ஆய்லர் சேர்த்தார். இவ்விரண்டையும் இணைத்து 2³¹−1 ஆகிய 2147483647 பகா எண்ணே என்று அவர் நிறுவியதும், 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதனைத் தெரிவித்ததும், வகுத்துப் பார்க்கும் பழைய முறையின் உச்சம் எனலாம்.

அம்முறைக்குத் துணையாக ஒரு தனித் தொழிலே வளர்ந்திருந்தது. எந்த எண்ணுக்கு எது மிகச் சிறிய காரணி என்று வரிசையாகக் காட்டும் காரணி அட்டவணைகளைத் தொகுப்பதில் சிலர் தம் வாழ்நாளையே செலவிட்டனர். வியன்னாவில் 1776-இல் பெல்கெல் வெளியிட்ட அட்டவணையை வாங்க ஆள் இல்லாமற்போகவே, அதன் தாள்கள் துருக்கியப் போருக்குத் தோட்டா உறைகள் செய்யப் பயன்படுத்தப்பட்டன. பர்க்கார்ட் 1810-களில் முப்பது இலட்சத்துக்குச் சற்று மேல்வரை அட்டவணை அச்சிட்டார். ஆம்பர்க் நகரத்து மனக்கணக்கு வல்லுநர் தாசே, கணித அறிஞர் காஸ் அளித்த ஊக்கத்தால் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட எண்களை எடுத்துக்கொண்டு 1861-இல் இறக்கும்வரை உழைத்தார். குலிக் என்பவர் பத்துக் கோடி வரை தொகுத்த கையெழுத்துப் படி வியன்னா அறிவியல் கழகத்தில் வைக்கப்பட்டது. இவ்வுழைப்பு மதிக்கத் தக்கது. ஆனால் 2⁶⁷−1 என்னும் எண்ணுக்கு இது உதவியிருக்க முடியாது. அதன் இரண்டு பகாக் காரணிகளுள் சிறியதே பத்தொன்பது கோடியைத் தாண்டியது. குலிக்கின் பத்துக் கோடியும் அதனைத் தொடவில்லை.

அட்டவணையும் வகுத்தலும் கைவிட்ட இடத்தில் புதிய வழியைத் திறந்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா. காரணியைத் தேடாமலேயே, எண்ணின் இயல்பை ஒரு தொடர்வரிசையின் வாயிலாகச் சோதிக்கலாம் என்று 1876-இல் அவர் காட்டினார். பின்னர் அமெரிக்கரான டி. எச். லேமர் 1930-இல் அதனைச் செம்மைப்படுத்தினார். லூக்கா–லேமர் சோதனை எனப்படும் அதன் செய்முறை எளியது. 4 என்னும் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் முடிந்தபின் மீதி பூச்சியமானால் அந்த எண் பகா எண். வேறெதுவானாலும் பகு எண். 2⁷−1 ஆகிய 127-க்கு இதனைச் செய்தால் 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தாம் படியில் பூச்சியம் வருகிறது. ஆகவே 127 பகா எண். 2¹¹−1 ஆகிய 2047-க்குச் செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று ஒன்பதாம் படியில் 1736 நிற்கிறது. ஆகவே 2047 பகு எண்.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். 1736 என்னும் அந்த மீதி, 2047 பகுபடும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிடுகிறது. ஆனால் 23, 89 ஆகிய காரணிகளைப் பற்றி அது எதனையும் வெளிப்படுத்துவதில்லை. பகா எண்ணாக இருந்திருந்தால் நிகழ்ந்தே தீர வேண்டிய ஒன்று நிகழவில்லை என்பதே சான்று. எதனால் நிகழவில்லை என்பதை அச்சான்று சொல்லாது. கதால்தியின் காலத்தில் ஒன்றாய் இருந்த இரண்டு அறிவுகளும் லூக்காவின் கையில் பிரிந்துபோயின. 1801-இல் வெளியான தம் பெருநூலில், பகா எண்ணையும் பகு எண்ணையும் வேறுபடுத்தி அறிவது, பகு எண்ணை அதன் காரணிகளாகப் பிரிப்பது என்னும் இரண்டையும் எண்ணியலின் தலையாய சிக்கல்களாகக் காஸ் அடுத்தடுத்துக் குறிப்பிட்டிருந்தார். அவற்றுள் முதலாவது சிக்கல் இரண்டாவதைவிடப் பெரிதும் எளிதாகக்கூடும் என்பதற்குக் கண்கூடான சான்று இப்போது கிடைத்தது.

லூக்கா இம்முறையால் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷−1 பகா எண் என்றும், மெர்சென்னின் பட்டியலிலிருந்த 2⁶⁷−1 பகா எண் அன்று என்றும் 1876-இல் அறிவித்தார். இருபது, நாற்பது இலக்க எண்களை மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கி வகுப்பது கையால் எப்படி இயன்றது என்னும் கேள்விக்கு, மெர்சென் எண்களின் தனித்தன்மையே விடை. 999-ஆல் 123456-ஐ வகுத்து மீதி காண வேண்டுமாயின், வகுத்தல் ஏதும் செய்யாமல் 123-ஐயும் 456-ஐயும் கூட்டினாலே 579 என்று மீதி கிடைத்துவிடும். பத்தின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு உரிய இந்த வசதி, எண்களை 0, 1 ஆகிய இரண்டு குறிகளால் மட்டும் எழுதும் இரும முறையில், இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கும் உண்டு. எண்ணின் மேற்பாதியை மடித்துக் கீழ்ப்பாதியோடு கூட்டினால் மீதி வந்துவிடும். இவ்வசதியால்தான் பின்வந்த காலங்களிலும் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவோர் மெர்சென் எண்களையே நாடினர்.

லூக்காவுக்குப் பின் மெர்சென்னின் பட்டியல் ஒவ்வோர் இடமாகத் திருத்தப்பட்டது. உருசிய நாட்டுச் சிற்றூர்ப் பாதிரியார் பெர்வூஷின் 1883-இல் 2⁶¹−1 பகா எண் என்று கண்டார்; அமெரிக்கரான பவர்ஸ் 1911-இல் 2⁸⁹−1 என்பதையும் 1914-இல் 2¹⁰⁷−1 என்பதையும் சேர்த்தார். 2⁶⁷−1 பகு எண் என்பது நிலைபெற்றுவிட்டபோதிலும், அதன் காரணிகள் மட்டும் மறைந்தே இருந்தன.

அவற்றைக் கண்டவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவருமான பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31-இல் நியூயார்க்கில் கூடிய அக்கழகத்தின் கூட்டத்தில், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிய தம் கட்டுரையை அவர் அளித்தார். கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2⁶⁷−1 என்பதன் மதிப்பைக் கணக்கிட்டு, மற்றொரு பக்கம் இரண்டு எண்களைப் பெருக்கி, இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டு அமர்ந்ததாகவும், அவையோர் கைதட்டியதாகவும், இதற்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று கோல் பின்னாளில் கூறியதாகவும் எரிக் டெம்பிள் பெல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர் எழுதியது பெரிதும் பரவியிருக்கிறது. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், கட்டுரையில் அச்சான விடை நிலையானது: 147573952589676412927 என்பது 193707721, 761838257287 ஆகிய இரண்டு பகா எண்களின் பெருக்கம்.

பெர்மாவும் ஆய்லரும் வகுத்த விதிகளுக்கு இவ்விரண்டு காரணிகளும் உட்பட்டிருப்பதைச் சரிபார்க்கலாம். 67-இன் இருமடங்கு 134. 193707721-இல் ஒன்றைக் கழித்தால் அது 134-இன் 1445580 மடங்கு. 761838257287-இல் ஒன்றைக் கழித்தால் அது 134-இன் 5685360129 மடங்கு. எட்டால் வகுத்தால் முன்னது ஒன்றையும் பின்னது ஏழையும் மீதியாகத் தருகின்றன. இவ்விதிகளை மட்டும் நம்பிச் சிறிய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்பவர் முதற் காரணியை அடையும்போது 722790 எண்களைக் கடந்திருப்பார். அவற்றுள் சிறு காரணிகளால் உடனே விலக்கத் தக்கவற்றை நீக்கினாலும் எஞ்சுபவை கைக்கு அடங்கா. ஆகவே கோல் வர்க்க எச்சங்களை, அதாவது ஒரு வர்க்க எண்ணை ஆய்வுக்குரிய எண்ணால் வகுக்கும்போது மிஞ்சும் மீதிகளை, துணைக்கொண்டார். இத்தகைய சிறு எச்சம் ஒவ்வொன்றும் காரணி எந்த வகைகளைச் சேர்ந்திருக்க முடியாது என்பதைத் தெரிவித்து, எஞ்சிய வாய்ப்புகளில் ஏறத்தாழப் பாதியை நீக்கிவிடும். பல எச்சங்களைச் சேர்த்து அரித்தால், தேட வேண்டிய பரப்பு மனித உழைப்புக்கு உட்பட்டதாகும். விடையைச் சரிபார்க்க ஒரு பெருக்கல் போதும். விடையைக் காண்பதற்கோ ஆண்டுகள் தேவைப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு அறிவுகளும் தனித்தனியே வளர்ந்தன. மெர்சென் வரைந்த 257 என்னும் எல்லைக்குள் எவை பகா எண்கள் என்பது, ஊலர் கடைசி எண்களைச் சோதித்து முடித்த 1947-இல், அதாவது பட்டியல் அச்சாகி 303 ஆண்டுகளுக்குப் பின், முழுமையாகத் தீர்ந்தது. 1952 சனவரி 30-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் 'ஸ்வாக்' கணினியில், இராபின்சன் எழுதிய நிரல் 157 இலக்கங்கள் கொண்ட 2⁵²¹−1, 183 இலக்கங்கள் கொண்ட 2⁶⁰⁷−1 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்று ஒரே நாளில் காட்டியது. 1996 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் தம் கணினிகளை இணைத்து நடத்திவரும் தேடலில் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 என்னும் பகா எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். காரணி காணும் கலையின் வளர்ச்சியோ இந்த வேகத்தை ஒருபோதும் எட்டவில்லை. மிதிவண்டிச் சங்கிலிகளையும் பின்னர் பற்சக்கரங்களையும் ஒளிமின்கலத்தையும் கொண்டு லேமர் அமைத்த சல்லடை இயந்திரங்கள் கோல் செய்த அரிப்பு வேலையை விரைவுபடுத்தின. 1905-லேயே பகு எண் என்று அறியப்பட்ட 2¹²⁸+1 என்பதன் காரணிகளை மாரிசனும் பிரில்கார்ட்டும் 1970-இல்தான் கண்டனர். மெர்சென்னின் பட்டியலில் மற்றொரு பிழையான 2²⁵⁷−1 முழுமையாகப் பகுக்கப்பட 1980 வாக்கில் ஆயிற்று.

ஜான் பொல்லார்டு 1974-இல் வெளியிட்ட முறையொன்றை 2⁶⁷−1 என்னும் எண்ணின்மேல் செலுத்திப் பார்ப்பது, கருத்து எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதை உணர்த்தும். ஒரு பகாக் காரணியில் ஒன்றைக் கழித்து வருவது சிறு பகா எண்களால் மட்டுமே ஆனதாக இருக்குமாயின், 3 போன்ற ஓர் எண்ணைத் தக்க அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்து, ஆய்வுக்குரிய எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி கண்டால் அக்காரணி வெளிப்படும் என்பது அம்முறை. 193707720 என்பது 2³, 3³, 5, 67, 2677 ஆகியவற்றின் பெருக்கம். அதன் மிகப் பெரிய பகாக் காரணி 2677 மட்டுமே. ஆதலால் சில ஆயிரம் பெருக்கல்களிலேயே கோல் தேடிய விடை கிட்டிவிடும். ஆனால் எல்லா எண்களும் இத்தகைய வாய்ப்பான கட்டமைப்பு உடையவை அல்ல. அதனால் இது பொது வழியாகாது.

இரண்டு அறிவுகளுக்கும் இடையிலான இந்தத் தொலைவே 1977-இல் ரிவெஸ்ட், சமீர், ஆடில்மன் ஆகிய மூவர் அமைத்த மறைக்குறியீட்டு முறைக்கு அடித்தளமாயிற்று. பெரிய பகா எண்கள் இரண்டைக் கண்டுபிடித்துப் பெருக்குவது எளிது. பெருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்விரண்டையும் மீட்பது கடினம். ஆகவே பெருக்கத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, காரணிகளைக் கமுக்கமாக வைத்திருப்பவரே செய்தியைப் படிக்க இயலும்படி செய்யலாம். அவர்கள் அறைகூவலாக விடுத்த 129 இலக்க எண், ஏறத்தாழ அறுநூறு தன்னார்வலர்களின் கூட்டு உழைப்பால் 1994-இல் பகுக்கப்பட்டது. 2020-இல் 250 இலக்க எண் ஒன்று பகுக்கப்பட்டது. இதற்கிடையே 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மனிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், எந்த எண்ணும் பகா எண்ணா என்பதை, அதன் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே வளரும் உழைப்பில், ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானிக்கும் பொதுமுறையை நிறுவினர். காஸ் அடுத்தடுத்து வைத்த சிக்கல்களுள் முதலாவது இவ்வாறு கோட்பாட்டளவில் தீர்ந்தது. காரணிப்படுத்தலுக்கு அதற்கு ஒப்பான முறை சாதாரணக் கணினிகளுக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய முறை இருக்கவே முடியாது என்று எவரும் நிறுவவும் இல்லை. குவாண்டம் கணினிக்கு அத்தகைய வழி உண்டு என்று பீட்டர் சோர் 1994-இல் காட்டியிருப்பினும், பெரிய எண்களை அவ்வழியில் பகுக்கவல்ல கருவி இன்னும் உருவாகவில்லை.

இன்று 2⁶⁷−1 என்பதை ஒரு சாதாரணக் கணினி நொடிப்பொழுதில் பகுத்துவிடும். ஆனால் அது 1876-இல் இருந்த நிலையில் இன்று 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷−1 இருக்கிறது: லூக்கா–லேமர் சோதனை அதனைப் பகு எண் என்று உறுதிசெய்துவிட்டது, பல்லாண்டுத் தேடலுக்குப் பின்னும் அதன் காரணி ஒன்றும் அகப்படவில்லை. இத்தகைய எண்களின்மேல் செலவிடப்படும் உழைப்பைப் பயனற்ற ஆர்வம் என்று ஒதுக்குவது வரலாற்றை அறியாமை. பெர்மாவின் விதியும் லூக்காவின் சோதனையும் லேமரின் சல்லடையும் பிறந்தது, எவருக்கும் உடனடிப் பயன் தராத எண்களை விடாமல் ஆராய்ந்தவர்களிடமிருந்தே. வணிகமும் அரசும் தம் கமுக்கங்களை ஒப்படைத்திருக்கும் மறைக்குறியீடும் அவர்கள் கண்ட வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. ஓர் உண்மையை ஐயமின்றி நிறுவிய பின்னரும் அதன் உட்கூறுகள் அறியப்படாமல் இருக்கக்கூடும் என்பதும், அவற்றை அறிவதற்குப் பழைய கருவியை மேலும் கூர்மையாக்குவதைவிடப் புதிய கருத்தே பெரிதும் உதவும் என்பதும் 1644 முதல் இவ்வெண்களை ஆராய்ந்தவர்கள் ஈட்டித் தந்த பாடங்கள்.